முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு

பிராசசர், போர்டு, மெமரி. மூன்றுதான். சட்டைப் பையில் துண்டுச்சீட்டு இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஒன்பது நாளாக எழுதி, அடித்து, திரும்ப எழுதி, இன்று காலை பால் காய்வதற்குள் நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்து மடித்து வைத்தது. இருந்தாலும் விரல் பைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ரிச்சி தெருவில் இந்தக் கம்ப்யூட்டர் சாமான் கடையின் கண்ணாடிக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், மணி பதினொன்றேகால். கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணின் கழுத்து அட்டையில் ஜெசிந்தா என்று போட்டிருக்கிறது, முப்பத்தைந்து வயதிருக்கும். சீட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், "உக்காருங்க அங்கிள், மேல குடோன்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று மாடி ஏறிப் போனாள். ஒன்பது நாள் உழைப்புக்கு ஒரு பார்வை. அங்கிள் என்றது வேறு உள்ளே எங்கோ லேசாக உரசுகிறது. எனக்கு அறுபத்தொன்பது வயது, அங்கிள் என்றால் தப்பில்லை. ஆனால் நான் ஏதோ மகன் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிற மாதிரி அவள் நினைத்துவிட்டாளோ. எழுதியது நான், அம்மா. ஒவ்வொரு எழுத்துக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது, கேள், சொல்கிறேன். கேட்கமாட்டாள். யாரும் கேட்டதில்லை. என் மனைவி கோமளா ஒருத்திதான் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் மகள் நித்திலா, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கட்டப் போகிற ஒரு பள்ளிக்கூடத்தின் படத்தை அந்தப் பள்ளிக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். வாசலில் நுழைந்து, வராண்டா வழியாக நடந்து, ஆறு வகுப்பறையையும் பார்த்துவிட்டுப் பின்பக்க வேப்பமரத்தடியில் போய் நிற்பது போல ஒரு படம், மரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறதாம், அதை வெட்டாமல் கட்டடத்தை வளைத்திருக்கிறாள். பதினோரு வருஷம் ஓர் ஆபீஸில் அவள் வரைந்தாள். மருத்துவமனை, கல்யாண மண்டபம், மூன்று அடுக்குமாடி எல்லாம் வரைந்தாள், தாளின் வலது மூலையில் பெயர் போடும் கட்டத்தில் மட்டும் வேறொருவர் பெயர் இருக்கும். ஒரு தடவை அந்தக் கல்யாண மண்டபத்துக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தோம். படிக்கட்டில் நின்று "இந்தத் திருப்பத்துல சாமான் தூக்கிட்டு வர்றவங்களுக்கு இடிக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேம்பா" என்று சொன்னாள், சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். இந்தப் பள்ளிக்கூடத்தின் தாளில்தான் முதல் தடவையாக மூலைக் கட்டத்தில் அவள் பெயர் வரப் போகிறது. முன்னறையை ஆபீஸாக மாற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்த இரண்டாவது மாதம், நான் அவளுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒரு நாள் டப்பென்று நின்றது, லேசாகக் கருகிய வாசனை, திறந்து பார்த்தால் போர்டில் ஓர் ஓரம் கறுத்திருந்தது. கேபினட் நல்லாயிருக்கிறது, படம் காட்டும் கார்டு போன வருஷம் போட்டது, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இந்த மூன்றுதான் புதிது வேண்டும். "ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாமா" என்று நான்தான் கேட்டேன். "எதுக்குப்பா? நீங்க இருக்கும்போது" என்றாள். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை, தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வரைந்துகொண்டிருந்தாள். ஆனால் அந்த நடந்து போகிற படத்தை லேப்டாப் செய்யாது. அதற்கு ஒரு நாள் பூராவும் நிற்காமல் ஓடுகிற எந்திரம் வேண்டும், இன்று சாயங்காலம் ஓட ஆரம்பித்தால்தான் நாளை ராத்திரிக்குள் முடியும். ஒன்பது நாளையும் நான் தின்றுவிட்டு மிச்சத்தை அவளுக்கு வைத்திருக்கிறேன்.

மோட்டார், பைப்பு, தொட்டி. எனக்கு அப்படித்தான் புரிந்தது, அப்படித்தான் இன்றும் புரிகிறது. முப்பத்துநாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பிராசசர் மோட்டார், போர்டு பைப்பு லைன், மெமரி மேல்நிலைத் தொட்டி. ஷிப்ட்டில் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குச் செய்வதற்கு வேறொன்றுமில்லை, சத்தம் மாறாத வரைக்கும் கை சும்மாதான் இருக்கும். சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கட்டோடு வாங்கிவந்து, ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு நாற்பது சொல் என்று பொருள் எழுதிப் படித்தேன். பத்தாவது வரைக்கும்தான் என் படிப்பு. யாரும் சொல்லித் தரவில்லை, யாரிடமும் கேட்கவும் கூச்சம். வீட்டில் கோமளா சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருப்பாள், தெருவில் பாதிப் பெண்களின் சேலை எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும். அவளிடம் சொல்லிப் பார்ப்பேன், அவளுக்குப் புரிந்தால் எனக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். "அப்ப மோட்டாரு எவ்ளோ பெருசா இருந்தாலும் பைப்பு குறுகலா இருந்தா என்னங்க ஆவும்?" என்று அவள் கேட்ட அன்றைக்கு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக நான் படித்தது அந்த ஒரு கேள்விதான். ஆனால் அவளுடைய நிஜமான கேள்வி எப்போதும் வேறு. எதைக் காட்டினாலும் கடைசியில் "இது இதுக்குள்ள போவுமா?" என்பாள். பிளவுஸ் துணி வாங்கப் புரசைவாக்கம் மேட்சிங் சென்டருக்குப் போனால் நான் வாசலில் நிற்பேன், அவள் கடைக்குள் பத்துத் துணியை விரித்துப் பார்த்து, எல்லாம் பார்த்த பிறகு சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்துவிடுவாள். கடைக்காரர் பின்னாலேயே வருவார், எங்கே ஓடிவிடப் போகிறாளோ என்று. "டியூப் லைட்டுல எல்லா பச்சையும் ஒரே பச்சைதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பாதி நாள் உள்ளே பொருந்தியது வெளியே பொருந்தாது.

தொண்ணூற்றொன்பதில் முதல் கம்ப்யூட்டர். இதே தெரு, வேறு கடை, இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். ஒவ்வொரு பாகமாக நாலு மாதம் சேர்த்து, கட்டில் மேல் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் பூட்டினேன். முதல் தடவை சுவிட்ச் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் விறுவிறுவென்று ஏறின, ஏறி 32768 என்று நின்றன. மெமரியை எண்ணுகிறது. கோமளா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "மீட்டர் மாதிரி ஓடுச்சே, நின்னுடுச்சு? ரிப்பேரா?" "தொட்டி ரொம்பிடுச்சு" என்றேன். அவள் வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு "எவ்ளோன்னு இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு. அன்றைக்கு நாலைந்து தடவை. நித்திலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளுக்கும் ஒரு தடவை.

ஜெசிந்தா இறங்கி வருகிறாள், கையில் மூன்று பெட்டி, ஒன்றின் மேல் ஒன்று, தாடையால் மேல் பெட்டியை அழுத்திக்கொண்டு. "அங்கிள், பிராசசர் நீங்க எழுதின அதே ஐ-செவன், இருபது கோர். ஆனா இதுலயே எஃப் போட்டது ஒண்ணு இருக்கு, கம்மியா வரும், எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க. படம் காட்ட தனி கார்டு இருந்தா அது போதும்." நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். எஃப் என்றால் அதற்குள் படம் காட்டுகிற பகுதி கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கார்டு மண்டையைப் போட்டால் திரை கறுப்பு. பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டார் ஓடும், ஒன்று சும்மா நிற்கும், சும்மா நிற்கிறதற்கும் தினம் எண்ணெய் போடுவோம். இவ்வளவையும் சொல்லவில்லை, "ஸ்டாண்ட்பை வேணும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "அப்ப கே போட்டது பாக்கறீங்களா, இன்னும் ஸ்பீடு." "அது சூடு. இது ஒரு நாள் பூரா நிக்காம ஓடணும். ஓடி ஜெயிக்க வேணாம், நிக்காம இருந்தா போதும்." "சரி. மெமரி ரெண்டு பதினாறு ஜிபி எழுதியிருக்கீங்க. ஒரே முப்பத்திரண்டா தரேன், ஒரு ஸ்டிக், வேலை முடிஞ்சது, பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்." "ரெண்டு பதினாறுதான்." "ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்." "ஒண்ணு இல்லம்மா. தொட்டி ஒரே அளவுதான், ஆனா ரெண்டா போட்டா ரெண்டு பைப்பு. ஒண்ணா போட்டா ஒரு பைப்பு." பக்கத்தில் ஏதோ கேபிள் வாங்க நின்ற ஆள் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "டூயல் சேனல்" என்றாள் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. "கஸ்டமர் யாரும் இதைக் கேக்கறதில்ல. நாங்களும் விட்டுடறது." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, இந்த வயதில் இவ்வளவு சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது. இருக்கிறது. பத்தாவது படித்தவன், அகராதி வைத்துப் படித்தவன். இருபத்துமூன்று கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறேன், ஷிப்ட்டுத் தோழர்களின் வீட்டுக்கு, தெருப் பிள்ளைகளுக்கு, ரேஷன் கடைக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் டீச்சருக்கு. ஒன்றாவது பொருந்தாமல் திரும்பி வந்தது உண்டா.

இருபத்துமூன்று கட்டியிருக்கிறேன். நான். அந்த நான் இருக்கிறதே, அதில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது. முதல் ஐந்து நான் கட்டியது. இரண்டாயிரத்து இரண்டில் ஆறாவதைக் கட்டும்போது, அப்போதெல்லாம் பிராசசரின் அடியில்தான் முள் மாதிரிக் கம்பிகள் இருக்கும், நான் கொஞ்சம் சாய்த்து அழுத்திவிட்டேன், ஓர் ஓரத்தில் ஆறேழு கம்பி மடங்கிப் படுத்துவிட்டது. அது என்னுடையதுகூட இல்லை, டீச்சருடையது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோமளா ஃபால்ஸ் தைக்கிற ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கம்பியாக அடியில் ஊசியைக் கொடுத்து நிமிர்த்தினாள். முக்கால் மணி நேரம். பிறகு "எந்தப் பக்கம் எங்க வருதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அவளே அதை வைத்தாள். ஒரு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அன்றிலிருந்து நான் தேர்ந்தெடுப்பேன், அவள் வைப்பாள். பதினெட்டுக் கம்ப்யூட்டர். நித்திலா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையின் மேல். வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் "தணிகாசலம் கை பட்டா தப்பாதுப்பா" என்பார்கள், நான் சிரிப்பேன், அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் நான் சொல்லவில்லை. கை என்னுடையதில்லை என்று ஒரு வார்த்தை. அவள் கேட்கவும் இல்லை. நித்திலாவின் தாளில் மூலைக் கட்டத்தில் வேறொருவர் பெயரைப் பார்த்து எனக்கு எத்தனை ராத்திரி நெஞ்சு எரிந்திருக்கிறது, அந்த ஆளை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். அந்த ஆளுக்கும் எனக்கும் எத்தனை அடி தூரம். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, நான் அவளை மறைக்கவில்லை. மறைத்தேன். கதவைச் சாத்தியது யார்.

இன்று காலை செருப்பை மாட்டும்போது நித்திலா முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, உள்ள ஒயரெல்லாம் நூல் போட்டுக் கட்டியிருக்கீங்களே, மாம்பழ மஞ்சள்ல. பழைய போர்டைக் கழட்டணும்னா இதை வெட்டணும்போல. வெட்டிடவா?" நான் படியில் கால் வைத்தபடியே "வெட்டிக்கம்மா" என்றேன். சீட்டு பையில் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே சொன்னேன். அயனாவரத்தில் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்து, டிக்கெட்டைக் கடிகாரப் பட்டையில் செருகிய பிறகுதான் மாம்பழ மஞ்சள் என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஒயர்களை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குவது கோமளாவுக்குப் பிடிக்காது, ஒயருக்கு வலிக்கும் மாதிரி இருக்கிறது என்பாள், அன்றைக்கு எந்தச் சேலைக்குத் தைக்கிறாளோ அந்த நூலாலேயே கட்டுவாள். மாம்பழ மஞ்சள் அவள் கடைசியாகக் கட்டியது. அதன் பிறகு அவளுக்குக் கண் மங்கியது, சர்க்கரை, பிறகு சிறுநீரகம், போய் ஆறு வருஷமாகிறது. நான் வெட்டிக்கம்மா என்றேன். போன் பண்ணலாம், இப்போதே பண்ணலாம், ஆனால் பண்ணினால் நூலைப் பற்றி ஏன் என்று கேட்பாள், ஏன் என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும். போன் கையில் இருக்கிறது. பைக்குள் போட்டேன். இந்நேரம் வெட்டியிருப்பாள்.

"பில் போட்டுடவா அங்கிள்?" மூன்று பெட்டியும் கவுண்ட்டர் மேல். பிராசசர் சரி, எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். மெமரி சரி, புது ரகம், டிடிஆர் ஐந்து, இரண்டு பதினாறு. போர்டுப் பெட்டியில் பெயர் சரி, படம் சரி, நான் இணையத்தில் பார்த்த அதே படம், பிராசசருக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடு இரண்டு பக்கமும். போடச் சொல்ல வாய் திறந்தேன். கடைக்குள் வெள்ளை எல்.இ.டி விளக்கு, பெட்டியின் பளபளப்பில் அது விழுந்து எழுத்தெல்லாம் மினுக்குகிறது. இது இதுக்குள்ள போவுமா. "ஒரு நிமிஷம்மா" என்று போர்டுப் பெட்டியையும் மெமரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அங்கிள், எங்க?" "வெயிலுக்கு." ஜெசிந்தா கவுண்ட்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், சரியாக அந்த மேட்சிங் சென்டர்காரர் மாதிரி. தெருவில் தள்ளுவண்டி, டூவீலர், ஒருவன் மானிட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு வழி வழி என்று கத்திக்கொண்டு போகிறான். நடைபாதை ஓரம் ஒரு சதுரம் வெயில் இருந்தது. அங்கே நின்று இரண்டு பெட்டியின் பக்கவாட்டையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினேன். மெமரியில் டிடிஆர்-5. போர்டில் பெயர் முடிகிற இடத்தில், பெயரை விடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், டி-4, பழைய ரக மெமரிக்கானது. இந்தப் போர்டு நாலுக்கும் வருகிறது, ஐந்துக்கும் வருகிறது, ஒரே பெயர், ஒரே படம், கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். நாலுக்கான பள்ளம் வேறு இடம், ஐந்துக்கான பள்ளம் வேறு இடம், ஜென்மத்துக்கும் உள்ளே போகாது. சீட்டை வெளியே எடுத்தேன். நல்ல கையெழுத்தில், கோடு போட்ட மாதிரி, போர்டின் பெயரை எழுதியிருக்கிறேன், டி-4 என்ற வால் இல்லாதது என்று எழுதவில்லை. ஐந்து என்று எழுதவில்லை. ஒன்பது நாள். "என் தப்பு" என்றேன், சீட்டை அவளிடம் நீட்டினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "எங்க தப்பும்தான் சார். கேட்டிருக்கணும். நாலுதான் நெறைய போவுது, கை தானா அதுக்குப் போயிடுச்சு." பிறகு, "இதை நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தினாள். கொண்டு போயிருந்தால் வீட்டில் கண்டுபிடித்து, பஸ் பிடித்துத் திரும்பி வந்து, மாற்றிக் கொண்டு போவதற்குள் இன்றைய நாள் போயிருக்கும். அந்தப் படமும். கோமளா, உனக்கு டிடிஆர் என்றால் என்னவென்று தெரியாது.

இரண்டாவது போர்டு வந்தது. இதையும் வெயிலுக்குக் கொண்டு போனேன், இந்த முறை ஜெசிந்தாவே முன்னால் நடந்தாள். வால் இல்லை, ஐந்து. அப்படியே கொண்டு போகலாம். ஆனால் இனி எதையும் பார்க்காமல் கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. "இங்கயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?" "பாக்கலாம் சார், ஆனா ஃபிட் பண்றவர் பாரிமுனை போயிருக்கார், மூணு மணி ஆவும்." மூன்று மணி, பிறகு பஸ், பிறகு வீட்டில் பூட்டுவது, பிறகு சாஃப்ட்வேர். கணக்கு உதைக்கிறது. "டேபிள் இருக்கு, பவர் சப்ளை, மானிட்டர் எல்லாம் இருக்கு" என்று கவுண்ட்டரின் கோடியைக் காட்டினாள். "நீங்களே வெக்கறீங்களா?" நீங்களே வெக்கறீங்களா. வைப்பேன், இருபத்துமூன்று கட்டியவன். வலது கையைப் பார்த்தேன். ஒரு வருஷமாக லேசாக ஆடுகிறது, காபி டம்ளரைப் பிடித்தால் தெரியும், சீட்டு எழுதும்போது மணிக்கட்டை மேஜையில் அழுத்திக்கொண்டுதான் எழுதினேன். இப்போது கம்பிகள் பிராசசரில் இல்லை, போர்டில், ஆயிரத்து எழுநூறு, தலைமுடியைவிட மெல்லியது, ஒன்று மடங்கினாலும் போர்டு போச்சு. அவளைக் கேட்கலாம், நீ வை அம்மா என்று. வைப்பாள். கேட்டால் தப்பில்லை. வாய் வரவில்லை. கௌரவம்தானா இது, இல்லை, வேறு. பதினெட்டுத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் எங்கே வருகிறது என்று சொல்வது மட்டும்தான் என் வேலை, அதனால் என் கண் எப்போதும் அவள் விரலில்தான் இருந்தது. கட்டைவிரலும் நடுவிரலும், ஆள்காட்டி விரல் சும்மா மேலே. ஊசியில் நூல் கோக்கிற மாதிரியே. மூச்சைப் பிடித்துக்கொள்ள மாட்டாள். "மூச்சப் புடிச்சாதாங்க கை ஆடும், மொத்தமா விட்டுட்டுக் கோக்கணும்" என்பாள்.

போர்டில் பூட்டுக் கம்பியை விடுவித்தேன், இரும்புச் சட்டத்தைத் தூக்கினேன். உள்ளே ஆயிரத்து எழுநூறும் விளக்கில் ஒரே திசையில் சாய்ந்து மினுங்கின. பிராசசரை ஓரங்களில் பிடித்து எடுத்தேன். கை ஆடியது. ஜெசிந்தா பார்க்கிறாள், பார்க்கட்டும். தங்க முக்கோணம் எந்த மூலை, போர்டில் முக்கோணம் எந்த மூலை, எந்தப் பக்கம் எங்க வருதுன்னு சொல்லுங்க. சொன்னேன், வாய்க்குள். இடது கீழே, கோமளா. கட்டைவிரல், நடுவிரல். மூச்சை மொத்தமாக விட்டேன், விட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், கை எங்கேயும் போகாமல் நின்றது. விட்டேன். சத்தமில்லை. உட்கார்ந்துவிட்டது. சட்டத்தை மூடிப் பூட்டுக் கம்பியை அழுத்தும்போது கறகறவென்று ஒரு சத்தம் வரும், எல்லாருக்கும் அதில் பயம், எனக்கு அது தெரியும். மெமரி இரண்டாவது குழியிலும் நாலாவது குழியிலும், டக், டக். மேலே விசிறி. பவர் ஒயர் பெரியது, சின்னது. சுவிட்ச் இல்லை, போர்டின் ஓரத்தில் சுவிட்சுக்கான இரண்டு கம்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. கேபிள் வாங்க வந்தவன் இன்னும் போகவில்லை, "பெரியவரே, டிஸ்பிளே வரல" என்றான். "வரும்" என்றேன். டிடிஆர் ஐந்து முதல் தடவை தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளும், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்கூட ஆகும், படித்திருக்கிறேன். மோட்டாரைப் போட்ட உடனே தொட்டியில் தண்ணீர் விழாது, பைப்பு முழுக்க ஏறித்தான் வரணும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பதறிப்போய் நிறுத்திவிடுவார்கள், நான் நிறுத்தினதில்லை. ஆனாலும் அந்தக் கறுப்புக்குள் என் முகம் தெரிகிறது, கண்ணாடி, நரை, பின்னால் ஜெசிந்தாவின் அட்டை. கை இப்போது ஆடவில்லை. வராவிட்டால். வரும். விசிறியின் சத்தத்தைக் கேட்டேன், மாறாத சத்தம். அது போதும்.

வந்தது. பிராசசரின் பெயர் ஒரு வரி. கீழே மெமரி. 32768.

இது எம்பி, அது கேபி, ஆயிரம் மடங்கு. ஆனால் எண் அதேதான், ஓர் இலக்கம் மாறவில்லை. இரண்டு பதினாறு என்று எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. "தொட்டி ரொம்பிடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஜெசிந்தா "என்ன சார்?" என்றாள். பிறகு "எந்த கம்பெனில சர்வீஸ் இன்ஜினியரா இருந்தீங்க?" "பம்ப் ஆபரேட்டர்மா. குடிநீர் வாரியம்." "பம்பா!" என்று சிரித்தாள், "அதான் எல்லாத்துலயும் பைப்பு வருது." நானும் சிரித்தேன். பில், பை, எல்லாம் ஆனது. "அடுத்த தடவ ஜெசிந்தான்னு கேட்டு வாங்க சார், வெயிலுக்கு நானே எடுத்துட்டு வரேன்."

வெளியே அந்தச் சதுர வெயில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்குள் போய் நின்று, பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே நித்திலா எடுத்தாள்.

"கெடச்சுதாப்பா?"

"கெடச்சுது. இங்கயே ஓட்டிப் பாத்துட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன். நூலை வெட்டிட்டியா?"

"இல்லப்பா. கத்தரிக்கோல் கெடைக்கல, தேடறதுக்குள்ள போன் மேல போன். இப்பதான் எடுத்து வெச்சிருக்கேன். உங்க கைதாம்பா கை, ஆட்டோ கீட்டோ புடிச்சு..."

"என் கை இல்லம்மா."

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்கம்மா கை. இருபத்துமூணுல பதினெட்டு அவதான் வெச்சா. உன்னுதும் அவதான். நான் சீட்டு எழுதறவன், அவ்ளோதான். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்குதான் நானா வெச்சேன், அதுவும் அவ வெக்கற மாதிரி."

தெருவில் மறுபடி யாரோ வழி வழி என்று கத்திக்கொண்டு போனார்கள். நான் ஒதுங்கவில்லை.

"அந்த நூல்..." என்றாள்.

"அவ கட்டினது. வெட்ட வேணாம். அவ முடிச்சு வெட்டற முடிச்சு இல்ல. முடிச்சுக்குப் பின்னால சின்னதா ஒரு வால் விட்டிருப்பா பாரு. தெரியுதா?"

"இருங்க, டார்ச் போடறேன்... ஆங். இருக்கு."

"அதப் புடிச்சு, மூச்ச விட்டுட்டு, மெதுவா இழு."

அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது.

"வந்துடுச்சுப்பா" என்றாள். "மொத்தமா வந்துடுச்சு."